காலிப் பெட்டியின் கனம்

அக்டோபர் 11

வாலு,

இல்லை, அடி எனக்கு இல்லை. அம்மா பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள். அடிபட்டது தண்ணி சாருக்கு.

போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. என் எண் இப்போது பொதுச் சொத்து. யார் யாரோ கூப்பிடுகிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். அது பரவாயில்லை, திட்டி முடித்ததும் வைத்துவிடுவார்கள். சிலர் மிகவும் மரியாதையாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "டீச்சர், கனமா இருந்துச்சா?" பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்கும். சிம்மைக் கழற்றிப் பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டேன். இனி தபால்தான். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை, எழுத்து பெரிதாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நீ எங்கோ தொலைவில், விளம்பர ஆபீசில், சோப்புக்கும் செருப்புக்கும் வரி எழுதிக்கொண்டிருக்கிறாய். உனக்குத் துண்டு துண்டாகத்தான் செய்தி வந்திருக்கும். வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு என் பள்ளிக்கூடத்திலேயே தேர்தல் வேலை. நான் கணக்கு நடத்தும் ஏழாம் வகுப்பு அறைதான் சாவடி. பொறுப்பு என்னுடையது. எனக்கு அடுத்த இடத்தில் குடிநீர் வாரியத்து எழுத்தர் ஒருவர், அவர்தான் தண்ணி சார். தண்ணியே தொடாத மனிதனுக்கு இப்படி ஒரு பெயர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வாசலில் ஒரு காவலர். எங்களுக்கு இரண்டு பெட்டி கொடுத்திருந்தார்கள், ஒன்று நிறைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று. இரண்டாவது தேவைப்படவில்லை. ஓட்டுப்போடும் நேரம் முடிந்ததும் நிஜப் பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்தோம். கட்சி முகவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு மழைக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். காலிப் பெட்டியைத் திரும்ப வாங்கும் வண்டி முதலில் வந்தது. தெருவில் தண்ணீர். உள்ளே வர முடியாமல் முனையில் நின்று ஹார்ன் அடித்தது. நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது.

எதிர்மாடியிலிருந்து யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து. மழை, சுவர், பெட்டி, நான். வேறு எதுவும் இல்லை. மேலே ஒரு வரி: "உங்கள் ஓட்டு எவ்வளவு கனம்? இந்தப் பெண்ணைக் கேளுங்கள்."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நிஜப் பெட்டியை எடுத்துப்போகும் பெரிய வண்டிக்காகக் காத்திருந்தோம். அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. தண்ணி சார் உள்ளே தாழிட்டுக்கொண்டு பெட்டியோடு இருந்தார். நான் வராந்தாவில் நின்று பேசிப் பார்த்தேன். முன்வரிசையில் நின்றவர் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. என்னைப் பார்த்ததும் "வணக்கம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் எறியவில்லை. பக்கவாட்டிலிருந்து வேறு யாரோ எறிந்தார்கள். ஜன்னல் கண்ணாடி தண்ணி சாரின் கண்ணில். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். பார்வை திரும்புமா என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

வண்டியில் ஏறியது காலிப் பெட்டிதான் என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அறையிலிருந்து நான் எடுத்து வந்தது நிஜப் பெட்டியாம், வழியில் ஒரு காலியோடு மாற்றிவிட்டேனாம். நிஜ ஓட்டு எங்கோ போய்விட்டதாம். ஓட்டுநர் மழையில் பின்கதவை மட்டும் திறந்துவிட்டாராம், யார் வந்தது என்று பார்க்கவில்லையாம். நான் தனியாகத்தான் போனேன், தான் வாசலைவிட்டு நகரவே இல்லை என்று காவலர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். நவம்பர் 12 விசாரணை. மாற்றினேன் என்று முடிவானால் வேலை போகும், பிறகு வழக்கு.

வேடிக்கை என்னவென்றால், கல்லோடு வந்தவர்களின் கட்சித் தலைவரே ஜெயித்துவிட்டார். ஜெயித்த பிறகு யாரும் திருட்டைப் பற்றிப் பேசுவதில்லை. என் மேலுள்ள விசாரணை மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்று. அம்மாவும் அந்தப் படத்தை நம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். "இந்தப் பொம்பளைக்குக் கை விளங்குமா" என்று ஒரு வரி சேர்த்து. அது நான் என்று தெரிந்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

நீ வரி எழுதுகிறவள். ஒன்று சொல். இப்படி ஒரு வரியை எழுதுகிற ஆள், எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பார்?

அக்கா


அக்டோபர் 15

அக்கா,

உன் கடிதம் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பிறகு படிக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் தெரியவில்லை. எதையும் நினைக்காமல் எழுதியிருக்கலாம். வேலை என்றால் அப்படித்தான். செருப்புக்கு எழுதும்போது செருப்பைப் போட்டா பார்க்கிறோம்?

இது பதில் இல்லை. தெரியும்.

இங்கே வேலை குறைவு. ஒரு பெரிய வேலை முடிந்தது, ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் சரியில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தூக்கம் வராமல் இருக்க வேண்டியவள் நீ.

தண்ணி சாருக்கு எந்தக் கண்? இடதா, வலதா? எதற்குக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. தெரிந்தால் கற்பனை செய்வதை நிறுத்தலாம் என்று தோன்றுகிறது.

நீ பயப்படாதே. நீ செய்யாததைச் செய்ததாக எப்படி நிரூபிக்க முடியும்? அந்தக் காவலர் எப்படி அப்படி எழுதிக் கொடுத்தார்? உனக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தவர், வாசலைவிட்டு நகரவில்லை என்று சொல்ல எப்படி வாய் வந்தது? அவரை யாராவது உட்காரவைத்துக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

பணம் வேண்டுமா? வக்கீலுக்கு? தயங்காமல் கேள்.

வாலு


அக்டோபர் 18

வாலு,

வலது கண்.

நேற்று போய்ப் பார்த்தேன். "ஒத்தக் கண்ணு போதும்மா, நான் பாக்குற ஃபைலுக்கு" என்கிறார். அவர் மனைவி சிரிக்கவில்லை. நானும்.

உன் கடிதத்தை அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். பரீட்சைத் தாள் திருத்தும்போது ஒரு பழக்கம் உண்டு எனக்கு. விடை சரியாக இருந்து, வழி இல்லாவிட்டால், பக்கத்து நோட்டைத் தேடுவேன்.

காவலர் என்னோடு வந்தார். குடை பிடித்தார். அது உண்மை. ஆனால் அதை நான் உனக்கு எழுதவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணி சாரிடம் சொல்லவில்லை. விசாரணைக்கு எழுதிக் கொடுத்ததிலும் இல்லை, அதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊரெல்லாம் சுற்றிய படத்தில் குடையும் இல்லை, காவலரும் இல்லை.

நீ எங்கே பார்த்தாய்?

பணம் வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

முழுப் படத்தில் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுதாமல் உறையை ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். நீ புரிந்துகொள்வாய். ஆனால் நீ புரிந்துகொள்வதை நம்பித்தான் நான் இதுவரை எல்லாவற்றையும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

சோப்பும் செருப்பும் போன வருஷம். இந்த வருஷம் தலைவருக்கு. அதே கம்பெனி, வேறு மாடி. மூடிப்போன ஜவுளிக்கடையின் மேல்தளம். துணி மாட்டும் பொம்மைகளை மூலையில் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். ஒன்றுக்கு யாரோ தலைவரின் துண்டைப் போர்த்திவிட்டிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. எங்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே எல்லாத் திரைகளையும் பார்ப்பார் ஒருவர், அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மானிட்டர். கெட்டவர் இல்லை. என் வரிகளை நிறுத்திப் படித்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

தேர்தலுக்கு முன்பே திருட்டு என்று ஒரு கோப்பு இருந்தது. "தலைவர் ஜெயிச்சா மக்கள் ஜெயிச்சாங்க. தோத்தா திருடிட்டாங்க. ரெண்டுக்கும் ரெடியா இருக்கணும்" என்பார் மானிட்டர். திருட்டுக்கு வரிகள் தயாராக இருந்தன. படம்தான் இல்லை. அந்த வரியை நான் ஒரு பேருந்தில் எழுதினேன். யாரையும் நினைத்து எழுதவில்லை. நினைக்க ஆளே இல்லை அப்போது. "உங்கள் ஓட்டு எவ்வளவு கனம்? இவர்களைக் கேளுங்கள்."

அன்று மாலை படம் வந்தது. மானிட்டர் என் தோளுக்குப் பின்னால்.

முதலில் பார்த்தது பையை. என் பழைய ஜீன்ஸை வெட்டி உனக்கு வேலை கிடைத்தபோது நான் தைத்துக் கொடுத்த பை. ஒரு வார் நீளம், ஒரு வார் குட்டை. "இதை மாட்டினா ஒரு பக்கமாதான் நடக்கணும்" என்று சிரித்தாய். இத்தனை வருஷமாக ஒரு பக்கமாக நடக்கிறாய். பின்னாலிருந்து பார்த்தால்கூட நீதான்.

உனக்கு இடது பக்கம் பை. பைக்குப் பக்கத்தில் காவலர், கையில் குடை. அவருக்கு அப்பால் வண்டி, தேர்தல் பணி என்ற பலகை, திறந்த கதவு. எல்லாம் ஒரே படத்தில். பார்த்த யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"இதுல என்ன சார் இருக்கு, போலீஸ் கூட நிக்கிறாரு" என்றேன். நிஜமாகவே சொன்னேன் அக்கா. அது ஒன்றைத்தான் சொன்னேன்.

"நாம என்ன திருட்டுன்னா சொல்றோம்? கேக்குறோம். அவ்ளோதான்" என்றார்.

என் அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேறொன்று செய்தேன். உன் பை தெரியக்கூடாது என்று இடது பக்கத்தை வெட்டினேன். பை போய்விட்டால் யாரோ ஒரு பெண், மழைக்கோட்டு, யாருக்கும் தெரியாது. உன்னைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன். பையோடு காவலர் போனார், குடை போனது, வண்டி போனது. அதைக் கவனிக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. கவனித்தேன். படம் இன்னும் நன்றாகிவிட்டது.

பிறகு வரியில் ஒரு இடத்தை மாற்றினேன். "இவர்களை" என்பதை எடுத்துவிட்டு "இந்தப் பெண்ணை" என்று போட்டேன். உன்னை அடையாளம் தெரிந்த பிறகு வரியில் நான் மாற்றியது அது ஒன்றுதான்.

நீ கேட்டாயே, எழுதுகிறவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று. பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். பயம் இல்லை. வரி நன்றாக வந்திருந்தது. படம் அதற்குப் பொருந்தியது. மானிட்டர் மெதுவாக விசிலடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீ எழுதும்வரை கூட்டம் வந்தது தெரியாது என்று சொல்ல மாட்டேன். அன்றே தெரியும். எங்கள் திரையில் ஜன்னல் உடைவதையும் யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

முழுப் படம் என் போனில் இருக்கிறது. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள், இதை அழிக்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை. உன்னைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, அதனால்.

விசாரணை அதிகாரிக்குப் பெயர் போடாமல் அனுப்பிவிடட்டுமா? நாளையே அனுப்புகிறேன். நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

வாலு


நவம்பர் 2

பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. எழுதிக் கிழித்தவற்றை எண்ணவில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். நீ வெட்டியது வீண். படத்துக்குக் கீழே முதலில் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டார்கள். சாவடிக் கதவில் என் பெயர் ஒட்டியிருந்தது, யாரோ அதையும் படம் எடுத்துப் போட்டார்கள். நீ மறைத்த பையைத் தவிர என்னுடையது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

உன்னைத் திட்ட உட்கார்ந்தால் அம்மாவின் குரல் வருகிறது. அது வேண்டாம் என்று எழுந்துவிடுகிறேன். பிறகு, வகுப்பு இல்லாத இந்தப் பகல்களில், நீ விசிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட இடம் ஞாபகம் வரும். அந்த வரியை எழுதாமல் மறைத்திருக்கலாம் நீ. மறைக்கவில்லை. அதற்காக உன்னைக் கொஞ்சம் மதிக்கிறேன், அதற்காகவே உன்னை இப்போது பார்க்க விருப்பமில்லை. நானாக எழுதும்வரை வீட்டுக்கு வராதே.

இப்போது என் கதை.

காவலரை நான்தான் கூப்பிட்டேன். "கூட வாங்க தம்பி, தனியா போனா நாளைக்கு யாராவது ஏதாவது பேசுவாங்க" என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள், பேச்சு வரக்கூடாது என்றுதான் கூட்டிப்போனேன். பூட்டிய பெட்டி இருக்கும் அறையை விட்டுக் காவலர் நகரக்கூடாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் முழுக்க நனைந்திருந்தார், குடை என் பக்கமே இருந்ததால். "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன். அவர் டீக்கடையில் இருந்தபோதுதான் கூட்டம் வந்தது.

அவர் மனைவிக்கு இது நிறைமாதம். நகரவே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தது அதனால். அவர் வேலைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னால், தண்ணி சார் தனியாக நின்றதற்கு நான் காரணம் என்பதும் வரும். ஆஸ்பத்திரியில் சாரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும்தான்மா தினமும் வந்து பாக்குறீங்க" என்கிறாள். அந்தக் கையை விட மனம் வரவில்லை.

ஆக, அந்தப் படம் வந்தால் நான் திருடி இல்லை என்று தெரியும். காவலரை அழைத்துப்போனவள் நான் என்றும் தெரியும். வரவேண்டாம் என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் தெருவில் யாராவது "கனம்" என்று முனகிக்கொண்டு போவார்கள், உடனே வரட்டும் என்று தோன்றும்.

பெயர் போடாமல் அனுப்புவதாகச் சொன்னாய். மொட்டைக் கடிதம் தெரியும், நீ மொட்டைப் படம் அனுப்புகிறாய். அதற்கு மதிப்பில்லை. விசாரித்துவிட்டேன். இதுதான் முழுசு, அது வெட்டியது, வெட்டிய ஆள் நான் என்று யாராவது நேரில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆளின் மேல் வழக்கு வரும். வேலை போகும். பெயர் போகும்.

வா என்று நான் எழுத மாட்டேன். நீ என் தங்கை. வராதே என்றும் எழுத மாட்டேன். தண்ணி சார் எனக்கு யாருமில்லை, ஆனாலும் அடிபட்டது அவருக்கு.

12ஆம் தேதி, காலை.

அக்கா


நவம்பர் 6

அக்கா,

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். "அக்காவுக்காகன்னு சொல்றீங்க. அக்கா கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப பேசாம இருங்க" என்றார். நல்ல யோசனைக்கு வாங்கும் கட்டணத்தை வாங்கிக்கொண்டார்.

மானிட்டர் கூப்பிட்டார். அவருக்குத் தலைவரின் அலுவலகத்தில் பெரிய இடம் கிடைத்திருக்கிறது. "நீயும் வா, உன் கைக்கு வேலை இருக்கு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முடியாது என்று சொல்லவில்லை. உனக்கு எல்லாவற்றையும் எழுதுவது என்று வைத்துக்கொண்டதால் இதையும் எழுதுகிறேன்.

ஜவுளிக்கடை மாடியைக் காலி செய்துவிட்டார்கள். என் குடையை எடுக்கப் போனேன். மேசைகள் இல்லை. பொம்மைகள் இருந்தன. துண்டைக் கழற்றியிருந்தார்கள்.

போனைத் திறந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழுப் படத்தில் நீ தலையைக் காவலர் பக்கம் திருப்பி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர் சிரிக்கிறார். என்ன சொன்னாய்?

வாலு


நவம்பர் 9

"குடைய உங்க பக்கமும் கொஞ்சம் பிடிங்க, வீட்டுல அவங்க மாசமா இருக்காங்க, உங்களுக்குச் சளி பிடிச்சா யார் பாக்குறது" என்றேன்.

அக்கா


நவம்பர் 12

அக்கா,

வராந்தாவில் நீ பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தாய். பை மடியில். என்னைப் பார்த்தாய், பிறகு சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாய். நான் உன் பக்கம் வரவில்லை. நீ எழுதும்வரை வராதே என்றிருந்தாய், அது வராந்தாவுக்கும் சேர்த்தா என்று தெரியவில்லை.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டினது யாரு?"

"நான்."

"மேல எழுதினது?"

"நான்தான்."

"எதுக்கு இந்தப் பக்கத்த வெட்டினீங்க?"

"பை தெரியக்கூடாதுன்னு."

"பையா?" கண்ணாடியைக் கழற்றினார். "போலீஸ்காரர் தெரியக்கூடாதுன்னு இல்லையா?"

"முதல்ல பைக்காக. அப்புறம் அவரும் போனது வசதியா இருந்துச்சு."

"இவங்க உங்களுக்கு யாரு?"

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அருவருப்பு இல்லை. அருவருப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புதிதாக ஒரு பூச்சியைப் பார்க்கிற மாதிரி ஆர்வத்தோடு பார்த்தார்.

காவலரை உள்ளே கூப்பிட்டார்கள். படத்தைக் காட்டினார்கள். மறுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். படத்தில் முகம் பாதிதான் தெரிகிறது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "குடை என்னுதுதான் சார்" என்றார். பிறகு, "பொண்ணு பொறந்திருக்கு சார்" என்றார். அதற்கும் இதற்கும் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள், என்னை வெளியே அனுப்பினார்கள். நீ உள்ளே போகும்போது பையின் குட்டை வார் கதவுப் பிடியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிடக் கை நீட்டினேன். அதற்குள் நீயே எடுத்துக்கொண்டாய்.

பெட்டி மாறவில்லை என்று எழுதிவிடுவார்கள் போலிருக்கிறது. காவலரை அழைத்துப்போனதற்கு உனக்கு ஏதோ தண்டனை இருக்கும். முடிவு தபாலில் வருமாம். என் போனை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இனி எனக்கும் தபால்தான். ஊரை விட்டுப் போகக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள், நாலு தெரு தள்ளி ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். முகவரி கீழே. மானிட்டருக்கு முடியாது என்று காலையில் சொல்லிவிட்டேன், விசாரணைக்கு முன்னால். பின்னால் சொல்லியிருந்தால் அதில் பொருளில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை. அவருடைய மனைவி மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். யாரும்மா என்றார். டீச்சரின் தங்கை என்றேன். "அடடே, வாம்மா வாம்மா. உக்காரு. அக்கா மாதிரியே நெத்தி" என்றார். உட்காராமலே சொன்னேன். எல்லாவற்றையும். நீ அவரிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை, அது உன்னுடையது.

அவர் கட்டுப் போட்ட பக்கத்தைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார்.

"அந்த வரிய வெளிய கத்திக்கிட்டே இருந்தாங்கம்மா. கனம் எவ்ளோ, கனம் எவ்ளோன்னு. நான் கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். பெட்டி எனக்குப் பின்னால, ஜன்னலோரம் மேசைல. நானே பூட்டினேன். நானே அரக்கு வெச்சேன். அக்கா தூக்கிட்டுப் போனது காலிப் பெட்டின்னு என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?"

நிறுத்தினார்.

"இருந்தாலும், அவங்க கத்தக் கத்த, எனக்கே ஒரு நிமிஷம்… ஒருவேளை மாறிப் போயிருக்குமோன்னு. அக்காவயே சந்தேகப்பட்டுட்டேன்மா. பெட்டி இருக்கான்னு திரும்பி ஜன்னல் பக்கம் பாத்தேன். அப்பதான் கண்ணாடி."

பிறகு, "இத உங்கக்காகிட்ட சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவாங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அவர் கேட்டுக்கொண்டதைக்கூட. இதுவும் தப்பாக இருக்கலாம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் வராந்தாக் குழாயில் நிரப்பி, அவருக்குப் பார்வை இருக்கும் பக்கமாக வைத்தேன்.

வாலு